டாக்டருக்குப் படித்துவிட்டு லேபா?

இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் அணிந்தது ஒரு பேராசிரியருக்குப் பிடிக்காமல், எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது என்பார்கள். அப்புறம் ஹார்வர்டு. அங்கே ஃபிஸ்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு முறை கண்டார். அந்த வழியே போனபோதுதான் தசையில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு அகப்பட்டது. செல்லுக்கு அது கைச்செலவுக் காசு மாதிரி, எந்த வேலைக்கும் அதுதான் கரையும். (அதே ஆண்டு, 1929-இல், ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

புற்றுநோய்ப் பக்கம் வந்தது பிற்பாடு, லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில். செல் பிரிய டி.என்.ஏ. வேண்டும், அதைக் கட்ட ஃபோலிக் அமிலம் வேண்டும். ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும் ஒரு போலியைக் கொடுத்தால்? நொதி ஏமாந்து போலியைப் பிடித்துக்கொள்ளும், செல் பிரிவது தடைபடும். அப்படி அவர் குழு தயாரித்த அமினோப்டெரின் என்ற போலியைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-இல் எழுதினார். அதற்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் சேலத்து மருந்துக்கடையில் கிடைக்கிறது, முடக்குவாதத்துக்கும் எழுதித் தருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் அண்ணன் மகன், "அத்தை, நான் ஆராய்ச்சிக்குத்தான் போவேன்" என்கிறான். அண்ணிக்கு அஸ்தம்பட்டியில் கிளினிக் கனவு. வருமானம் பற்றி அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் அவன் கட்சி. அந்தப் பக்கம் போன டாக்டர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், அவனோடு பேச வேண்டும்.