இனிஷியலில் தொலைந்த கோப்பு

பிப்ரவரி 10, 2025

மறுமணத்துக்கு மீனாட்சியின் அமெரிக்க டைவர்ஸ் தீர்ப்பு வேண்டும், அதைத் தேடி எடுப்பது என் வேலை. கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்பது இதற்குச் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லியாயிற்று. "கோயில் ரசீது இங்கதானேடா இருக்கு" என்கிறாள். இருக்கட்டும். மனு போட்ட கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுப்பீரியர் கோர்ட்டில்தான் டைவர்ஸ் கோப்பு இருக்கும். கலிஃபோர்னியாவில் 58 கவுன்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். ஒன்றின் கோப்பு இன்னொன்றின் கவுன்டரில் கிடைக்காது.

எந்த கவுன்டி என்று மீனாட்சிக்கு நிச்சயமில்லை. அந்த இரண்டு வருஷத்தில் அவளும் கணவனும் மூன்று வீடு மாறினார்கள். கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு: மனு போடுவதற்கு முன் இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்த கவுன்டியில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். 2009-இன் வாடகை ஒப்பந்தமும் சம்பளப் படிவத்தில் இருந்த விலாசமும் போதும். இரண்டு கவுன்டி மிஞ்சியது.

பிப்ரவரி 11

கவுன்டி கிளர்க்-ரெக்கார்டர் வேறு, கோர்ட் கிளர்க் வேறு. முதல் இடத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் கிடைக்கும், டைவர்ஸ் மட்டும் கிடைக்காது. பெயரில் 'ரெக்கார்டர்' என்று இருப்பதால் பாதிப் பேர் முதலில் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள்.

மாநில சுகாதாரத் துறையைச் சொன்னவர்களும் உண்டு. அங்கே 1962 முதல் 1984 ஜூன் வரை நடந்த டைவர்ஸுக்கு மட்டும் ஒரு தாள் தருவார்கள். அதிலும் பெயர், கவுன்டி, கேஸ் நம்பர்தான் இருக்கும், தீர்ப்பு இருக்காது. 'உடனே கிடைக்கும்' என்று காசு கேட்கும் தனியார் தளங்களை அவள் இனித் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12

காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. லிங்கன் பிறந்த நாளாம். தபால்காரர் வந்துவிட்டுப் போகிறார், கோர்ட்டுக்கு மட்டும் லீவு.

பிப்ரவரி 14

பெயர். எல்லாம் பெயரில்தான் நிற்கிறது.

கோர்ட் கணினிக்குக் கடைசிப் பெயர் வேண்டும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயரே சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே மனுவிலும் எழுதியிருந்தால் கோர்ட்டின் பெயர்ப் பட்டியலில் அவள் 'மீனாட்சி, எஃப்என்யு'. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தபோது அப்பா பெயரைச் சேர்த்தார்கள், ஆக 'சுந்தரம், மீனாட்சி'யாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கில் கணவன் பெயர். போதாததற்கு ஆங்கிலத்தில் 'மீனாட்சி'க்கு நடுவில் டி போடுவதா, கே போடுவதா என்று அவள் சான்றிதழ்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

முதல் கவுன்டியின் தளத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. தளத்தில் கிடைத்தாலும் கேஸ் நம்பரும் எந்தத் தேதியில் என்ன தாக்கலானது என்ற பட்டியலும்தான் தெரியும். குடும்ப வழக்கின் ஆவணங்களை இணையத்தில் திறக்க மாநிலக் கோர்ட் விதி 2.503 விடாது. கோர்ட்டுக்குள் இருக்கும் பொதுக் கணினியில் பார்க்கலாம். டைவர்ஸ் கோப்பு பொதுவாக யாரும் பார்க்கக்கூடியதுதான் என்பதை அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 15

எஃப்என்யுவிலும் இல்லை.

பிப்ரவரி 19

கிடைத்தது. இரண்டாவது கவுன்டி.

அவள் பெயரில் தேடியதுதான் தப்பு. இருவரில் யார் பெயர் அபூர்வமோ அதில் தொடங்க வேண்டும், ஒரு பெயர் சிக்கினால் மற்றது கூடவே வரும். அவள் கணவனாக இருந்தவனின் அப்பா பெயர் வெங்கடரமணன். யாரோ அதை இரண்டாகப் பிரித்து 'வெங்கட'வை நடுப்பெயராகவும் 'ரமணன்' என்பதைக் கடைசிப் பெயராகவும் தட்டியிருக்கிறார்கள். ஆர்-இல் தேடினால் உடனே வருகிறது. நான் ஐந்து நாளாக வி-யில் தேடிக்கொண்டிருந்தேன்.

பொதுக் கணினியில் பட்டியலைத் திறந்தால் மனு எஃப்எல்-100 (எஃப்எல் என்பது குடும்ப வழக்குப் படிவம்), சம்மன் சார்வானதற்கான, அதாவது எதிர்த்தரப்பு கையில் சேர்ந்ததற்கான எஃப்எல்-115, அவன் பதில் எஃப்எல்-120, கீழே தீர்ப்பு எஃப்எல்-180. அதற்கும் கீழே இன்னொரு எஃப்எல்-180, ஒரு வருஷம் கழித்து.

பிப்ரவரி 20

இரண்டு தீர்ப்பு ஏன் என்று ராத்திரி முழுக்க ஓடியது. பயப்பட ஒன்றுமில்லை. வழக்கைப் பிரித்திருக்கிறார்கள்: 2010-இல் கல்யாண பந்தத்தை மட்டும் முடித்து ஒரு தீர்ப்பு, 2011-இல் சொத்து, ஜீவனாம்சத்துக்கு இன்னொன்று. முதல் தீர்ப்பை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மறுமணத்துக்குக் கேட்பது முதலாவது. இரண்டுமே வாங்க வேண்டும்.

எஃப்எல்-190 என்று ஒரு பக்கத் தாள் இருக்கும், அது தீர்ப்பு பதிவானதைத் தெரிவிக்கும் அறிவிப்பு. வீட்டில் இத்தனை வருஷம் 'டிக்ரி', அதாவது தீர்ப்பு, என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தது அதைத்தான்.

எஃப்எல்-180-இல் பார்க்க வேண்டிய வரி நான்காவது பகுதியில்: பந்தம் முடியும் தேதி. தீர்ப்பு பதிவான தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சம்மன் சார்வான நாளிலிருந்து, அல்லது எதிர்த்தரப்பு கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்து, எது முந்தியதோ அதிலிருந்து 6 மாதம் கழியாமல் பந்தம் முடியாது. அதனால் தீர்ப்பு முன்னால் பதிவாகி, பந்தம் பின்னால் முடியும். ஊரில் எந்தப் படிவத்தில் 'விவாகரத்து தேதி' கேட்டாலும் பந்தம் முடிந்த இந்தத் தேதியைத்தான் எழுத வேண்டும்.

பழைய பெயரை மீட்டுத் தரும் கட்டமும் அதே படிவத்தில் உண்டு. டிக் விழுந்திருக்கிறது. டி போட்ட மீனாட்சி. பாஸ்போர்ட்டில் கே.

பிப்ரவரி 24

கோப்பு வெளிக் கிடங்கில், வரவழைக்க வேண்டும். தபாலில் கேட்டுவிட்டேன். கடிதத்தில் இருவர் முழுப் பெயர், கேஸ் நம்பர், எந்தத் தேதி எஃப்எல்-180, இணைப்புகளோடு வேண்டும் என்பது, எத்தனை பிரதி. 'சர்டிஃபைட்' என்ற சொல்லை எழுத மறந்தால் பக்கத்துக்கு 50 சென்ட் கணக்கில் சாதா ஜெராக்ஸ்தான் வரும். டைவர்ஸ் தீர்ப்புக்குச் சான்றிடும் கட்டணம் 15 டாலர். கேஸ் நம்பர் இல்லாமல் கேட்டு, தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15.

பக்கம் எண்ணாமல் மொத்தம் தெரியாது. அதற்குத்தான் அந்தத் தந்திரம்: செக்கில் தொகையை எழுதாமல் விட்டு, கீழே '75 டாலருக்கு மேற்படாமல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. கிளர்க் கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்வார். தொகை எழுதி அனுப்பி 50 சென்ட் குறைந்தாலும் முழுக் கட்டும் திரும்பி வரும். பதில் கவர் பெரிதாக, போதிய ஸ்டாம்போடு. சின்னக் கவர் வைத்தால் நாலாக மடித்துத் திணிப்பார்கள்.

மார்ச் 3

ஒன்றுமில்லை.

மார்ச் 6

ஒன்றுமில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். வைகாசி முகூர்த்தம் என்கிறாள்.

மார்ச் 13

வந்தது. கடைசிப் பக்கத்தில் கிளர்க் சான்று, தேதி, கையெழுத்து, முத்திரை. விரலால் தடவினால் முத்திரையின் மேடு தட்டுப்படுகிறது. இடது மூலையில் தடிமனான பின். நான்காவது பகுதி, தேதி, சரி.

மார்ச் 14

ஸ்கேன் பண்ணப் பின்னைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 15

எப்படிக் கழற்றினேன்? தெரியாதவனா நான்? சான்று கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது முன்னால் இருக்கும் பக்கங்களுக்கும் சேர்த்துப் பேசுவது அந்தப் பின் இருக்கும் வரைதான். கழற்றிவிட்டால் நடுவில் எந்தத் தாளை மாற்றினோம் என்று யாருக்குத் தெரியும்? அதே ஓட்டையில் மறுபடி குத்தினாலும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஓட்டை இரண்டு இரண்டாகத் தெரிகிறது. ஆறு பக்கத்திலும். இருபது தடவை தூக்கிப் பார்த்தாயிற்று.

ஸ்கேன் வேண்டுமானால் பின்னோடு மடித்துப் போனில் படம் எடுத்திருக்கலாம்.

மார்ச் 18

நேரில் போனேன். கோப்பு இன்னும் கிடங்குக்குத் திரும்பவில்லை, அதிர்ஷ்டம். இந்தத் தடவை இரண்டு செட். கூடவே எஃப்எல்-120-க்கும் சான்றிட்ட பிரதி கேட்டேன். "எதற்கு?" என்று அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

எதற்கென்றால், அவன் பதில் போட்டு வழக்கில் கலந்துகொண்டான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கு இப்படித்தான். மிசூரியில் செயின்ட் லூயிஸ் கவுன்டி கோர்ட் கொடுத்த டைவர்ஸ். மனைவி அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்று அங்கே வாதாடவில்லை, அதனால் திருப்பதியில் நடந்த கல்யாணத்தை அந்தத் தீர்ப்பு முறிக்காது என்றார்கள். தாக்கல் செய்த டிக்ரி வெறும் போட்டோகாப்பி என்பதும் அங்கே உதைத்தது. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் சிவில் நடைமுறைச் சட்டம் 13-ஆம் பிரிவு இன்றைக்கும் அதேதான். தீர்ப்பைக் கொடுத்தது அதிகாரமுள்ள கோர்ட்தான் என்ற 14-ஆம் பிரிவின் அனுமானம் சான்றிட்ட பிரதிக்குத்தான்.

மார்ச் 21

அபோஸ்டிலுக்கு, அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சிக்கு, அனுப்பியாயிற்று. சாக்ரமென்டோ, மாநிலச் செயலர் அலுவலகம், ஒன்றுக்கு 20 டாலர். நேரில் போனால் ஒவ்வொரு அதிகாரியின் கையெழுத்துக்கும் 6 டாலர் கூடுதல். எந்த நாட்டுக்கு என்று எழுதியே ஆக வேண்டும். இந்தியா 2005-இலிருந்து அபோஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரக வாசலுக்குப் போக வேண்டாம். அபோஸ்டில் சொல்வது கிளர்க்கின் கையெழுத்து நிஜம் என்பதை மட்டும்தான், தீர்ப்பு இந்தியாவில் செல்லுமா என்பதை அல்ல.

ஒரு செட்டை மட்டும் அனுப்பினேன். இன்னொன்று பீரோவில். யாரும் தொடக் கூடாது.

மார்ச் 25

டி, கே.

மார்ச் 31

சேசர் சாவேஸ் நாள். கோர்ட்டும் லீவு, சாக்ரமென்டோவும் லீவு.

ஏப்ரல் 2

பீரோவைத் திறந்து பின்னைப் பார்த்தேன். இருக்கிறது. பாஸ்போர்ட் பெயரும் தீர்ப்புப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அவள் ஒரு அஃபிடவிட் கொடுக்க வேண்டியிருக்கும். நோட்டரி நாளைக்கு நாலு மணிக்கு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.