ஐம்பது ஆம்பியரும் கட்டைவிரல் அகலப் பிளக்கும்

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசையில் என் மைத்துனன் ஒரு கணினியை அசெம்பிள் செய்யச் சொல்லி வாங்கினான். 24 ஜிபி நினைவகம் வேண்டும் என்பதற்காக, இரண்டாம் கையாக என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தான். மூன்று வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது, பழக்க தோஷத்தால் கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். கார்டில் செருகியிருந்த மின் கனெக்டருக்கும் சாக்கெட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கேபிளோ கனெக்டரை விட்டு வெளியே வந்த இடத்திலேயே கண்ணாடியில் முட்டி, செங்குத்தாக மடிந்து கீழே இறங்கியிருந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவன் சொன்னான்: "நல்லாத்தானே ஓடுது மாமா? ஆயிரத்து இருநூறு வாட் எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கேனே!"

அந்த ஆயிரத்து இருநூறு வாட்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். கட்டிடங்களுக்கான முப்பரிமாணப் படங்களை இரவு முழுவதும் ரெண்டர் செய்யவிடும் தொழிலில் இருப்பதால், என் கார்டு ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடும். விளையாடுகிறவரின் கார்டுக்கு நடுநடுவே கிடைக்கும் ஓய்வு இதற்குக் கிடையாது. அந்த எட்டு மணி நேரத்தில் ஏதாவது கருகுமானால், அது பவர் சப்ளையின் வாட் போதாமல் அல்ல, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் ஏதோ ஓரிடம் சரியாகத் தொடாததால்தான் கருகும் என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் அயர்ன்பாக்ஸ் பிளக்கின் ஒரு கால் மட்டும் கறுத்துப்போய் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஏழு ஆம்பியர் இழுக்கிறது. அதற்காகத் தனி வயர், தனிப் பாயின்ட், தனி எம்சிபி என்று எலக்ட்ரீஷியன் போட்டுத் தருகிறார். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் மின்சாரம் 12 வோல்ட்டில் வருவதால், 450 வாட் இழுக்கும் 4090-க்கு 37.5 ஆம்பியர் வேண்டும். 575 வாட் என்று குறிக்கப்பட்ட, அதற்கடுத்த தலைமுறை 5090-க்கு ஏறத்தாழ 48 ஆம்பியர். இவை இரண்டும் பயன்படுத்தும் கனெக்டரின் உச்ச அளவு 600 வாட், அதாவது 50 ஆம்பியர். கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் பிளக்கின் வழியாக ஏசியைப் போல ஏழு மடங்கு மின்னோட்டம் போகிறது.

முன்பு இருந்த, எட்டு பின்கள் (உலோக ஊசிகள்) கொண்ட 8-பின் கனெக்டரில் இந்தக் கவலை குறைவு. அதன் அதிகாரபூர்வ வரம்பு 150 வாட். 12 வோல்ட் தரும் பின்கள் மூன்று. ஆக ஒரு பின்னுக்கு நாலு ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தப் பின்களோ அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கைத் தாங்கக்கூடியவை. அதற்கு மாற்றாக 2022-இல் பரவலான, 12விஎச்பிடபிள்யூஆர் என்ற புதிய கனெக்டரில் பின்களுக்கு இடையிலான தூரம் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ஆறு பின்கள் 50 ஆம்பியரைச் சுமக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 8.3. பின்னின் தாங்குதிறன் 9.5. முன்பு சறுக்கினாலும் விழாமல் நிற்க ஒரு திண்ணை இருந்தது. இப்போது ஒரு படி அகலம்தான் மிச்சம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆறு பின்களில் இரண்டு சரியாகத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு மட்டும் சூடாகும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆறும் இணையாகப் பிணைக்கப்பட்டவை. தடை கூடிய பின்களைத் தவிர்த்து, நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்கள் வழியாக மின்னோட்டம் பாயும். கூட்டுக்குடும்பத்தில் வேலை செய்கிறவன் தலையிலேயே வேலை விழுவதுபோல, ஒழுங்காக இருக்கும் பின்னுக்குத்தான் சுமை ஏறுகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 8.3 ஆம்பியர் போகவேண்டிய பின்னில் 20 ஆம்பியர் போனால் அங்கே பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறு மடங்கு. இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. டெர்பவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய யூடியூபரான ரோமன் ஹார்ட்டுங் 2025 பிப்ரவரியில் தன் 5090 கார்டின் கேபிளை அளந்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளைப் பக்க கனெக்டரின் வெப்பம் சில நிமிடங்களில் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

பவர் சப்ளையில் பாதுகாப்பு இருக்குமே, அது அணைத்துவிடாதா என்று மைத்துனனும் கேட்டான். அணைக்காது. இன்றைய பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை 12 வோல்ட்டை ஒரே பாதையாகத் தருகின்றன. மொத்த மின்னோட்டம் வரம்பை மீறினால்தான் அவை விழித்துக்கொள்ளும். 1200 வாட் பவர் சப்ளை 100 ஆம்பியரைச் சாதாரணமாகத் தரும். கார்டு கேட்பதோ நியாயமான 37 ஆம்பியர்தான். அது ஆறு கம்பிகளில் சமமாகப் போகிறதா, இரண்டில் மட்டும் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. கார்டுக்கும் தெரியாது. 4090-க்கு முந்தைய 3090 டிஐ கார்டில் அந்த ஆறு பின்களை மூன்று ஜோடிகளாகப் பிரித்துத் தனித்தனியே கண்காணித்தார்கள். 4090 முதல் எல்லாம் கார்டுக்குள் நுழைந்தவுடன் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இதை ஒரு பின்னடைவு என்றே நான் கருதுகிறேன். ஏசூஸ் தன் ஆஸ்ட்ரல் வகை 5090 கார்டுகளில் ஒவ்வொரு பின்னின் மின்னோட்டத்தையும் காட்டும் வசதியைத் தானே சேர்த்திருக்கிறது. எல்லாக் கார்டிலும் இருக்கவேண்டிய வசதி, விலை உயர்ந்த ஒரு வகையின் சிறப்பம்சமாக விற்கப்படுகிறது.

இனி வாங்குவது பற்றி. வாட் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 4090-க்கு 850 வாட்டும் 5090-க்கு 1000 வாட்டும் என்விடியாவின் பரிந்துரை; முழுச் சுமையில் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசசரும் சேருமானால், அடுத்த படிக்குப் போவது நல்லது. அதைவிட முக்கியம், பவர் சப்ளை ஏடிஎக்ஸ் என்ற தரவரையறையின் 3.0 அல்லது 3.1 பதிப்பின்படி இருப்பது. கார்டுகள் மைக்ரோ நொடிக் கணக்கில் திடீரென்று பல மடங்கு மின்சாரம் கேட்கும். முந்தைய 3080, 3090 கார்டுகள் வந்த காலத்தில் தாராளமான வாட் கொண்ட பவர் சப்ளைகளும் விளையாட்டின் நடுவே பட்டென்று அணைந்ததற்கு அதுவே காரணம். பவர் சப்ளை தன் வாட் அளவைப்போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்கவேண்டும் என்று 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதித்தது. 80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் முத்திரைகள் சொல்வது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே. பாதுகாப்பைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தங்கம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்குவது நமக்கு நகைக்கடையோடு போகட்டும்.

கனெக்டரைப் பொறுத்தவரை, 2023-இல் திருத்தப்பட்ட 12வி-2×6 வடிவம் உள்ள கார்டும் பவர் சப்ளையும் நல்லவை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய வடிவமும் புதியதும் ஒன்றுபோலவே இருக்கும். பிளக் செருகப்பட்டிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் நான்கு சிறிய உணர்வுப் பின்களைச் சற்றுக் குட்டையாக்கி, மின்சாரம் சுமக்கும் பின்களைக் கால் மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறார்கள். பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் உணர்வுப் பின்கள் தொடாது; தொடாவிட்டால் கார்டு வேலை செய்ய மறுக்கும். மைத்துனனின் 4090 இந்தத் திருத்தத்துக்கு முந்தையது. அதனால்தான் நாணய அளவு இடைவெளியோடு மூன்று வாரம் "நல்லாத்தானே" ஓடியிருக்கிறது. ஆனால் புதிய வடிவம் இடைவெளிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. ஆறு பின்களுக்குள் சுமை சமமாகப் பிரியாததை அது தீர்க்கவில்லை. இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு, 8-பின் கனெக்டர்களோடு வரும் ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் போன்ற கார்டுகள் உண்டு. வேலைக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓடுமானால் நானே அதைப் பரிந்துரைப்பேன்.

கேபிள் விஷயத்தில் என் விதி ஒன்றே ஒன்று: பவர் சப்ளையோடு அதே பெட்டியில் வந்த கேபிள். இந்த விதியை நான் விலை கொடுத்துக் கற்றேன். 2019-இல் பழைய பவர் சப்ளையை மாற்றியபோது, ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிளை மட்டும் கழற்றவில்லை. கேபினட்டின் பின்புறம் அழகாகக் கட்டி வைத்திருந்தேன். அதைப் பிரிக்க மனம் வரவில்லை. புதிய பவர் சப்ளையின் துளையிலும் அது கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன். டிக் என்று ஒரு சிறு சத்தம், பிறகு கருகிய வாசனை. இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் போயின. ஒன்றில் மூன்று ஆண்டு வேலை இருந்தது. கேபிளின் கார்டுப் பக்கமும் டிஸ்க் பக்கமும்தான் தரப்படுத்தப்பட்டவை. பவர் சப்ளைப் பக்கம் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்குள்ளேயே அது மாறலாம். பிளக் பொருந்துகிறது என்பது எதற்கும் சான்று அல்ல.

8-பின் கேபிள்களை இணைத்துப் புதிய பிளக்காக மாற்றும் அடாப்டரைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், ஒவ்வொரு 8-பின்னுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் இழுக்கவேண்டும். ஒரே கேபிளில் வால் போலத் தொங்கும் இரண்டாவது தலையைச் செருகினால், மூன்று கம்பிகளின் மேல் 300 வாட் ஏறிவிடும். கண்ணாடியில் கேபிள் இடிக்கிறதே என்று 90 டிகிரி வளைமுனை அடாப்டர் வாங்குவதையும் நான் தவிர்ப்பேன். தொட்டுக்கொள்ளும் இடங்கள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. கேபிள்மாட் நிறுவனத்தின் அத்தகைய அடாப்டர்கள் ஏறத்தாழ 25,000 திரும்பப் பெறப்படுவதாக அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது நினைவிருக்கலாம்.

செருகுவதற்கும் ஒரு முறை உண்டு. கார்டை மதர்போர்டில் பொருத்துவதற்கு முன்பே, அதை மேசையில் வைத்து இரு கைகளாலும் பிளக்கை நேராக அழுத்துவேன். பல பிளக்குகளில் கொக்கி மாட்டும் சத்தமே கேட்காது. ஆகவே காதை நம்பாமல் விளக்கடித்து, பிளக்கின் இரு ஓரங்களும் சாக்கெட்டின் விளிம்போடு ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் தூக்கியிருப்பதும் தவறுதான். கேபிள் வெளியே வந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் நேராகப் போன பிறகே வளையவேண்டும். அதற்காக வாரம் ஒருமுறை கழற்றிக் கழற்றிப் பார்க்கவும் கூடாது. இந்த கனெக்டர் 30 முறை செருகி எடுப்பதற்கே கணக்கிடப்பட்டது. இரண்டாம் கைக் கார்டில் முந்தையவர் எத்தனை முறை கழற்றினார் என்பது யாருக்குத் தெரியும்?

சுவர்ப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1000 வாட் பவர் சப்ளை முழுச் சுமையிலும் சுவரிலிருந்து ஐந்து ஆம்பியருக்குள்தான் எடுக்கும். ஆனாலும் தளர்ந்துபோன பழைய 5 ஆம்பியர் சாக்கெட்டில் அதை இரவு முழுவதும் ஓட்டாமல், 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை ஒதுக்குவது நல்லது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை என்று பொருள். பவர் சப்ளையின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத உலோகப் பெட்டி மின் அழுத்தத்தில் பாதிக்கு ஏறி நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வதுதான் நம் ஊர்ப் பழக்கம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தரும். இந்தக் கார்டுக்கு அது காணாது.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று: கார்டின் மின் வரம்பை 80 சதவீதமாகக் குறைப்பது. ரெண்டரிங் வேகம் எனக்குச் சில சதவீதமே குறைந்தது. மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், பின்களில் பிறக்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. என் கார்டு முதல் வாரத்திலிருந்தே 360 வாட்டில்தான் ஓடுகிறது.

அன்று மைத்துனனின் கணினியை அணைத்து, மின் வயரைப் பிடுங்கி, பிளக்கை மெல்ல உருவிப் பார்த்தோம். நல்ல வேளையாகப் பின்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. பிளாஸ்டிக்கில் பழுப்பும் இல்லை, குமிழும் இல்லை. நேராக அழுத்தியதும் இடைவெளி மறைந்தது. கேபிளை முறைப்படி நீட்டி வளைத்த பிறகு கண்ணாடிக் கதவு மூடவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது. அதைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, இன்னும் அகலமான கேபினட் தேடிக்கொண்டிருக்கிறான்.