மூன்று ஆண்டுகள் காத்திருந்த வரவேற்பு

2023 மே 6, சனி

2020 ஜனவரி 30 அன்று அறிவித்த கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் நேற்றுத் தெரிவித்தது. செய்தியைப் படித்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்தேன். எங்கள் திருமண வரவேற்புக்கு யார் யாரை அழைப்பது என்று 2020 பிப்ரவரியில் இருவரும் உட்கார்ந்து எழுதிய நோட்டு அது. மார்ச் 11 அன்று கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு அதைத் திறக்கவே வேலையில்லாமல் போயிற்று.

அந்த ஆண்டு ஜூன் 14 அன்று, முகக்கவசம் அணிந்த 19 பேர் முன்னிலையில் எங்கள் திருமணம் முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடம் ஆனதும் இணைப்பு அறுந்துவிட்டது. அவர்களைப் பார்த்துக் கையசைக்கலாம் என்று நாங்கள் திரும்பியபோது திரையில் ஒரு முகமும் இல்லை.

பிறகு 2022 ஜனவரி 8 என்று நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டினோம். 2021 நவம்பர் 26 அன்று ஒமைக்ரான் என்ற புதிய திரிபுக்குப் பெயர் வைத்தார்கள். டிசம்பர் முடிவதற்குள், அழைத்த ஒவ்வொருவரையும் நாங்களே தொலைபேசியில் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னோம். மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அழைப்புகளைச் செய்த இரண்டு இரவுகளை நான் மறக்க மாட்டேன்.

இப்போது ஜூன் 10 என்று முடிவு செய்திருக்கிறோம்.

மே 9, செவ்வாய்

"கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு, கையில குழந்தை இருக்கு, இப்ப எதுக்கும்மா வரவேற்பு?" என்று மாமியார் கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்து, நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருமணத்தன்று கூடத்தில் இருந்த 19 பேரும் குடும்பத்தினர். எங்களுக்குள் காதல் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிய வந்தது நாங்கள் வேலைக்குப் போன பிறகுதான். பதினாறு வயதில் எங்களைப் பார்த்தவர்கள், எங்களுக்காகப் பொய் சொன்னவர்கள், நாங்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்தபோது இடையில் நடந்து நடந்து சலித்தவர்கள் எல்லோரும் அறுந்துபோன அந்தத் திரைக்குள்தான் இருந்தார்கள். எங்களைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லாமலேயே எங்கள் திருமணம் நடந்திருக்கிறது. இந்த வரவேற்பை எங்களுக்காக நடத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனாகத்தான் தோன்றுகிறது. இரவு இதை அத்தையிடம் சொன்னேன். "அப்ப அவங்க எல்லாரையும் முன்வரிசையில உட்கார வைங்க" என்றார்.

மே 21, ஞாயிறு

அழைப்பிதழ் வாசகத்துக்கே ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. "நிகழவிருக்கும் திருமணம்" என்று எழுத முடியாது; "நிகழ்ந்த திருமணம்" என்று எழுதினால் பழைய செய்தியைப் போல இருக்கிறது. "மூன்றாம் ஆண்டு மணநாள் விழா" என்று போடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அது வேறு விழா என்று அவன் விடாப்பிடியாக மறுத்துவிட்டான். கடைசியில், "2020 ஜூன் 14 அன்று நீங்கள் இல்லாமல் நடந்த எங்கள் திருமணத்தின் வரவேற்பு, இம்முறை உங்களோடு" என்று அவன் எழுதியதையே வைத்துக்கொண்டோம்.

அவன் என்றுதான் இங்கு எழுத வருகிறது. உறவினர் முன்னால் "அவர்" என்று சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் பதினோராம் வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எனக்காக எழுதும்போது மரியாதைப் பன்மை கையில் வர மறுக்கிறது.

ஜூன் 2, வெள்ளி

நோட்டிலுள்ள 312 பெயர்களையும் சரிபார்த்து முடித்தோம். ஒன்பது பேர் இன்று இல்லை. அந்தப் பெயர்களை அடித்துவிட மனம் வராமல், ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். ஒன்பதில் ஒருவர் என் தாய்மாமா. திருமணத்தன்று இணைப்பு அறுவதற்குச் சற்று முன், "சத்தம் வரலையே, நான் பேசுறது கேக்குதா?" என்று திரையில் கேட்டவர் அவர். எங்களுக்குக் கேட்டது, பதில் சொல்வதற்குள் 40 நிமிடம் முடிந்துவிட்டது. மறுநாள் தொலைபேசியில் பேசினேன். ஆனால் அவர் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கட்டத்துக்குள்தான்.

புதிதாகச் சேர்ந்த பெயர்கள் 17. எல்லாமே குழந்தைகள், அதில் எங்கள் மகளும் உண்டு.

ஜூன் 10, சனி, நள்ளிரவு

காலில் வலி இருக்கிறது, தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் வந்தவர் எங்கள் வேதியியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஆய்வக மேசையில் நின்று, நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையைச் செய்துகொண்டிருந்தோம். உப்புக் கரைசலில் ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தைக் கண்ணாடியின் ஓரமாகவே மெல்ல இறக்க வேண்டும். இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வளையம் தோன்றும், குலுக்கினால் கலைந்துவிடும். அன்று அவன் கை நடுங்கியது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன், அவன் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான், வளையம் வந்தது. வளையம் வந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. மறுவாரம் டீச்சர் காரணம் சொல்லாமல் எங்களை வேறு வேறு மேசைகளுக்கு மாற்றிவிட்டார். இத்தனை ஆண்டுகளாக அதைத் தண்டனை என்றே நினைத்திருந்தோம்.

இன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே ஆசிரியர் அறையில உங்க பேச்சு வந்துருச்சும்மா. வீட்டுக்குச் சொல்லி அனுப்பணும்னு ஒருத்தர் நின்னார். மேசையை மாத்திட்டேன், இனி பிரச்சினை இல்லைன்னு நான்தான் முடிச்சு வெச்சேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவனுக்குப் பேச்சே வரவில்லை. அப்போது வீட்டுக்குச் செய்தி போயிருந்தால் என் படிப்பு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கதையில் எங்களுக்கே தெரியாத ஒரு பக்கத்தை அவர் இத்தனை நாள் தன்னிடம் வைத்திருந்திருக்கிறார்.

மேடையில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. புதுமணத் தம்பதியருக்கு இருக்கும் கூச்சமும் படபடப்பும் எங்களுக்கு இல்லாததால், மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேச முடிந்தது. தாமதத்தால் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். மகள் பாதி நேரம் மேசைகளுக்கு அடியில் இருந்தாள்.

எட்டு மணி வாக்கில் மாமா வீட்டு அத்தை தன் மகனோடு வந்தார். அவன் அணிந்திருந்த வெளிர்மஞ்சள் சட்டை தோளில் சற்றுப் பெரிதாக இருந்தது. எங்கள் வரவேற்புக்கென்று 2020இலேயே மாமா தனக்காக வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த சட்டை அது. மூன்று ஆண்டுகள் அட்டையில் மடிந்து கிடந்ததால் மார்பின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. "ரெண்டு தடவை தேய்ச்சேன், போகவே மாட்டேங்குது" என்று அத்தை அதை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நான் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியது எதுவும் வராமல் நின்றேன். அத்தைதான் என்னைத் தேற்றினார்.

ஜூன் 13, செவ்வாய்

புகைப்படக்காரர் முதல் தொகுதிப் படங்களை அனுப்பியிருக்கிறார். மாமா வீட்டாரோடு நாங்கள் நிற்கும் படத்தில், சட்டையிலுள்ள மடிப்புக் கோட்டைக் கணினியில் அழித்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், அப்படியே அச்சிட்டு இரண்டு பிரதிகள் கொடுங்கள் என்று பதில் எழுதினேன். ஒன்று அத்தைக்கு.