எண்ணெய் டின்னில் வெட்டிய ஷிம்

காற்று அடிக்கிற மாதத்தில்தான் காற்றாலை பராமரிக்கிற எங்களுக்கு வேலை இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வைகாசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் புரட்டாசி வரை காத்தாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாட்களில் அதை நிறுத்திவைத்து ஸ்பேனரோடு ஏறுகிறவனை முதலாளி எந்த முகத்தோடு பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை. திறப்பது, மாட்டுவது, இறுக்குவது எல்லாமே தை முதல் சித்திரைக்குள் முடிய வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும் காலம் அது. டவருக்குள் ஏறினால் சட்டையைப் பிழியலாம்.

பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில் 32 மிஷின்களுக்குப் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். என்னோடு ஒன்பது பேர். எல்லாமே 250 கிலோவாட் பழைய மிஷின்கள். தொண்ணூறுகளின் நடுவில், வாங்கிய வருடமே முழுத் தேய்மானத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச் சலுகை இருந்தபோது, மில்காரர்கள் போட்டி போட்டு நட்டவை. என் பையன்களில் பாதிப் பேருக்கு அவற்றைவிட வயது குறைவு.

என் தாத்தா பனையேறி. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் தளைநாரோடு பனை பனையாக ஏறி இறங்கியவர். எனக்கு ஏணி இருக்கிறது, இடுப்பில் பெல்ட் இருக்கிறது, ஆனாலும் ஐம்பது வயதில் முட்டு தேய்ந்துவிட்டது. அவருக்கு எழுபது வரை ஒன்றும் ஆகவில்லை.

அந்த முட்டில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

மூன்று வருடம் முன்பு, பங்குனி இரண்டாவது வாரம். பதினேழாம் நம்பர் மிஷினின் ஜெனரேட்டர் கோவையில் ரீவைண்டிங் முடிந்து, அதாவது உள்ளே காயிலைப் புதிதாகச் சுற்றி, வந்திருந்தது. கிரேன் வைத்து மேலே ஏற்றி உட்கார வைத்தோம். அதன்பிறகு இருப்பதுதான் நுணுக்கமான வேலை, அலைன்மென்ட். இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுதான் சுற்றும். கியர்பாக்ஸ் அதைப் பெருக்கி, ஜெனரேட்டரை 1500-க்குக் கொஞ்சம் மேலே ஓட்டும். 1500-லேயே நின்றால் கரண்ட் வராது. காற்று அதை அந்த எல்லைக்கு மேலே தள்ளினால்தான் மின்சாரம் லைனுக்குப் போகும். அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் ஜெனரேட்டர் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அடி முழுவதும் பேரிங்குக்குத்தான். அதனால்தான் டயல் கேஜ் வைத்து 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகிறோம். கேஜில் ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர்.

அன்றைக்கு நான் கீழே உடைமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, டயல் அஞ்சு கோட்டுக்குள்ள நிக்கு. முட்டு வலியோட நீங்க ஏற வேண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம்."

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த பையன். கை சுத்தம், வாய் பேசாமல் வேலை பார்ப்பான். சரி என்று செக் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆனி மாதம் மூன்றாவது வாரம், ராத்திரி பத்து மணிக்கு ஆபரேட்டர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, பதினேழு பல்லக் கடிக்கு." இப்படிச் சொன்னால் பேரிங் அரைபடுகிற சத்தம் என்று எங்களுக்கு விளங்கிவிடும். உடனே நிறுத்தச் சொன்னேன். விடியும் முன், காற்று கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்து, முட்டில் கேப் மாட்டிக்கொண்டு நானே ஏறினேன். சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் ஏறும் 30 மீட்டர் ஏணி அன்றைக்கு அரைமணி நேரம் பிடித்தது.

இரண்டு ஷாஃப்டையும் இணைக்கிற கப்ளிங் பக்கத்து பேரிங் போயிருந்தது. டயலை வைத்துச் சுற்றிப் பார்த்தால் அலைன்மென்ட் அப்படியேதான் இருந்தது, பையன் பொய் சொல்லவில்லை. அப்புறம் ஜெனரேட்டரின் நான்கு கால் போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி டயலைப் பார்த்தேன். மூன்று காலில் முள் அசையவில்லை. பின்பக்க இடது காலைத் தளர்த்தியதும் முப்பது கோடு தாவியது. டீக்கடை பெஞ்சுக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆள் உட்கார்ந்ததும் பெஞ்ச் முறுக்கிக்கொள்ளுமே, அதேதான். போல்ட்டை இறுக்கிய பிறகு டயல் நல்ல கணக்கைத்தான் காட்டும். ஆனால் ஜெனரேட்டரின் உடம்பு முறுகிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காலுக்கு அடியில் ஐந்து ஷிம், அதாவது கால் உயரத்தைச் சரிக்கட்ட வைக்கிற மெல்லிய தகடு, அடுக்கியிருந்தது. மூன்றுக்கு மேல் அடுக்கினால் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும். அதிலும் நடுவில் இருந்தது ஷிம்மே இல்லை. எண்ணெய் டின்னைக் கத்தரித்து வெட்டிய தகடு. ஓரம் முழுக்கப் பிசிறு, ஒரு மூலையில் மஞ்சள் பெயின்ட்கூட அப்படியே இருந்தது.

கீழே இறங்கி அந்தத் தகட்டைப் பையன் கையில் கொடுத்தேன். திட்டுவேன் என்று நினைத்திருப்பான் போல, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "புள்ளி ரெண்டு ஷிம் தீந்துட்டுன்னு ரெண்டு நாளைக்கு முந்தியே சொன்னேம்லா அண்ணாச்சி."

சொல்லியிருந்தான், 0.2 மில்லிமீட்டர் ஷிம் தீர்ந்துவிட்டது என்று. வள்ளியூரில் வாங்கி வருகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். அன்றைக்கு இருபதாம் தேதி, ஜி.எஸ்.டி. கட்டுகிற கடைசி நாள். நாங்கள் போட்ட பில்லுக்குப் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆனால் அந்த பில்லுக்கு உண்டான 18 சதவீதத்தை அடுத்த மாதமே கட்டிவிட வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்ட, யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று ஊர் ஊராகச் சுற்றியதில் ஷிம் மறந்துபோனது. (ஏன் சொன்னபடி வேலை முடிக்கவில்லை என்று கான்ட்ராக்டர்களைக் கேட்பவர்கள், ஒருமுறை மாதம் இருபதாம் தேதி எங்களோடு வந்து இருந்து பார்க்க வேண்டும்.) அவன் கையில் இல்லாத சாமானுக்கு, இருந்த டின்னை வெட்டிவிட்டான். அவ்வளவுதான்.

பேரிங் வந்து மாட்டி முடிக்க ஒன்பது நாள். நல்ல ஆனிக் காற்றில் அந்த மிஷின் நாளைக்கு நாலாயிரம் யூனிட் வரைகூடத் தரும். முதலாளி சத்தம் போடவில்லை, பேசாமல் பில்லில் கழித்துக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு செக் ஷீட்டில் நான்கு காலுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன், ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தினால் டயல் எத்தனை கோடு நகர்ந்தது என்று எழுத வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஷிம் பெட்டி இப்போது என் பைக்கில்தான் இருக்கிறது. ஜெனரேட்டர் இறக்கி ஏற்றிய மிஷின் என்றால், முட்டு என்ன சொன்னாலும், ஏறிப் பார்த்துவிடுகிறேன். ராதாபுரம் பக்கத்து மிஷின்களில் மேல்மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் கடல் தெரியும், இன்னொரு பக்கம் மகேந்திரகிரி. ஏறின கூலிக்கு அதையும் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பையன் போன வருடம் குவைத் போய்விட்டான். அங்கே ஏதோ பம்ப் ஹவுஸில் அலைன்மென்ட் வேலைதானாம். நான் தடுக்கவில்லை. இங்கே நான் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு சம்பளம். பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தான். பேரீச்சம்பழமாக இருக்கும் என்று வீட்டில் பிரித்தார்கள். உள்ளே, அளவு அச்சடித்து, போல்ட்டுக்கு வாய் வெட்டிய ஸ்டெயின்லெஸ் ஷிம்கள். புள்ளி இரண்டில் மட்டும் இரண்டு பாக்கெட்.