பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பதும் லேசில்லை

நாங்கள் இருக்கும் நியூஜெர்சியில் 1994 முதல் பள்ளிகளில் ஹோலோகாஸ்ட், அதாவது ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை பற்றிய பாடம் சட்டப்படி கட்டாயம். மகளுக்கு ஆர்வம் அங்கே தொடங்கியது. கல்லூரிக்குப் போனதும் யூதவியல், ஹோலோகாஸ்ட் ஆய்வுத் துறையில் சில வகுப்புகள் எடுத்தாள். அந்தத் துறை நடத்தும் பொது உரைகளுக்கு நானும் போய் உட்காருவேன். உயிர் பிழைத்தவர்கள் நேரில் வந்து பேசும் காலம் முடியப்போகிறது, இனி ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது அங்கே அடிக்கடி காதில் விழுந்த பேச்சு. நம்மால் ஆனதைக் கொடுப்போம் என்று அப்போது முடிவு செய்தோம்.

துறைத் தலைவரிடம் என்ன தேவை என்று நேராகவே கேட்டேன். சாட்சியங்களுக்குப் பஞ்சமில்லை என்றார். சினிமா இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய தொகுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சியக் காணொளிகள் இருக்கின்றன. நூலகம் அதற்குச் சந்தா கட்டுகிறது. மாணவர்களிடம் இல்லாதது பயணக் காசும் மொழி வகுப்புக் கட்டணமும். ஜெர்மனியில் பாட் அரோல்சன் என்ற ஊரில், நாஜிகளால் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் உள்ளன. 2007-இல்தான் அவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றின் டிஜிட்டல் பிரதி வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போய் ஒரு வாரம் தங்க ஒரு மாணவருக்கு ஆகும் செலவு பெரிய தொகை இல்லை, ஆனால் அதைக் கொடுக்க ஆளில்லை. அதேபோல, கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் பேசியது இத்திஷ் என்ற ஐரோப்பிய யூதர்களின் மொழி. அதைப் படிக்கத் தெரியாமல் இந்தத் துறையில் ரொம்ப தூரம் போக முடியாது.

சரி, யாரிடம் கொடுப்பது? துறை நேரடியாக வாங்காது. பல்கலைக்கழக அறக்கட்டளைதான் வாங்கும். அங்கே கேட்ட முதல் கேள்வி: நிரந்தர நிதியா, உடனே செலவழிக்கும் நிதியா? ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டிய நாட்களில் நானும் சிறு தொகை போட்டிருந்ததால் இது எனக்குப் புதிதில்லை. நிரந்தர நிதியில் முதலைத் தொடமாட்டார்கள், ஆண்டுக்கு நான்கு சதவீதம் போல எடுத்துச் செலவழிப்பார்கள். 25,000 டாலர் போட்டால் ஆண்டுக்கு ஆயிரம். பேராசிரியர் பதவிக்கு அதுதான் சரி. எங்கள் தொகைக்கு, இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே போவது மேல் என்று உடனே செலவழிக்கும் நிதியைத் தேர்ந்தெடுத்தோம். கல்வெட்டில் பெயர் வராது, வராவிட்டால் போகட்டும்.

அப்புறம் ஒப்பந்தம். இரண்டே பக்கம்தான், ஆனால் வரி வரியாகப் படிக்க வேண்டிய இரண்டு பக்கம். மாணவரைத் தேர்ந்தெடுப்பது பேராசிரியர் குழு, கொடுப்பவர் அதில் தலையிட முடியாது என்று இருந்தது. நியாயம்தான். இடித்தது கடைசிப் பத்தி: துறை மூடப்பட்டாலோ வேறு துறையோடு சேர்க்கப்பட்டாலோ, மீதிப் பணம் 'கலைக் கல்லூரியின் பிற தேவைகளுக்கு' என்றிருந்தது. மொழி, வரலாறு போன்ற சிறிய கலைத் துறைகளை மூடுவது அமெரிக்காவில் சர்வசாதாரணமாகிவிட்ட நேரம். அதை 'ஹோலோகாஸ்ட் அல்லது பிற இனப்படுகொலை ஆய்வு செய்யும் மாணவருக்கு' என்று மாற்றச் சொன்னேன். அவர்களின் வக்கீல் பார்த்து ஒப்புக்கொள்ளச் சில வாரம் ஆயிற்று. யாராவது இந்த வழியில் கொடுப்பதாக இருந்தால், வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

பணமாகக் கொடுக்காமல் கம்பெனிப் பங்குகளாகக் கொடுத்தோம். ஓராண்டுக்கு மேல் கையில் இருந்து விலை ஏறிய பங்கை விற்காமல் அப்படியே மாற்றினால் லாபத்துக்கு வரி கிடையாது. கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரிக்கணக்குப் போடுபவர் என்றால், அன்றைய சந்தை மதிப்பு முழுவதையும் வருமானத்திலிருந்து வரம்புக்குட்பட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: புரோக்கர் அனுப்பும் பங்கு பல நேரம் யாருடையது என்ற விவரமே இல்லாமல்தான் போய்ச் சேரும். எந்தப் பங்கு, எத்தனை, எந்த நிதிக்கு என்று அறக்கட்டளைக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மதிப்பு 500 டாலருக்கு மேல் என்றால் வரிக்கணக்கோடு 8283 படிவமும் சேரும்.

கடைசியில் அலுவலகத்தின் இணைக்கொடை. நாங்கள் கொடுத்த அதே தொகையை நான் வேலை பார்க்கும் கம்பெனியும் போட்டது, ஆனால் இடையில் இருக்கும் இணையதளம் நிதியின் பெயரை விழுங்கிவிட்டது. பணம் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. உறுதிப்படுத்தல் எண்ணை அனுப்பி, துறைத் தலைவரையும் மடலில் சேர்த்து, திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே சரியான கணக்குக்கு மாற்றினார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் இணைக்கொடைக்கு விண்ணப்பித்த அன்றே அறக்கட்டளைக்கும் ஒரு மடல் போட்டுவிடுகிறேன்.

முதல் ஆண்டில் ஒரு முதுகலை மாணவி வாஷிங்டன் போய்வந்தார். இந்தக் கோடையில் இன்னொருவர் இத்திஷ் படிக்க நியூயார்க் போகிறார். கட்டணம் போக மிஞ்சுவதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று துறையில் கேட்டார்கள். தாராளமாக என்று பதில் போட்டேன்.