மூடி இல்லாத கேன்

இன்று காலை செய்தியில் ஒரு காணொளி. போர் நடக்கும் ஊரில் தண்ணீர் லாரிக்கு முன்னால் நீண்ட வரிசை. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நிரம்பிய கேனுக்கு மூடி இல்லாததால், பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

குண்டு விழுந்தால்தான் சாவு என்றில்லை. மின்சாரம் போனால் பம்பு நிற்கும். கழிவுநீர் குடிநீரில் கலக்கும். பிறகு காலரா. அதில் முதலில் துவண்டு விழுவது குழந்தைகள்தான்.

பொதுமக்களின் குடிநீர் நிலையங்களைத் தாக்கக் கூடாது, அவர்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாக்கக் கூடாது என்று போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, 54வது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது.

சட்டத்தில் குறை இல்லை. தொட்டியை உடைத்தவனைக் கூண்டில் ஏற்ற அரசுகளுக்கு மனமில்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.