10.87

பாடசாலை மலருக்குக் கட்டுரை கேட்டபோது விளையாட்டுப் போட்டியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால், பௌதிக ஆய்வுகூடத்தில் நூலில் தொங்கிய ஒரு பித்தளைக் குண்டுதான் கண்முன் வருகிறது.

எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலை (விழும் பொருளின் வேகம் கூடும் வீதத்தை) காணும் பரிசோதனை. விடை 9.81 என்பது எல்லோருக்கும் முதலே தெரியும். அதனால் விடையிலிருந்து பின்னுக்குக் கணக்குப் பார்த்து, பொருந்துகிற நேரங்களை எழுதிவிடுவோம். மேல்வகுப்பு அண்ணன்மாரின் கொப்பிகள் இதற்காகவே கைமாறி வரும். (ஒரு கொப்பியிலிருந்த கூட்டல் பிழை மூன்று வருடம் உயிரோடு இருந்தது.)

அன்று எனக்குக் கொப்பி கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையாகவே அளந்தேன். ஒரு மீற்றர் நூல், இருபது அலைவு. வந்தது 10.87. அழிக்கப் போனபோது சேர் பின்னால் நின்றார்.

"அழிக்காதையும். எப்படி எண்ணினனீர்? எண்ணிக் காட்டும்."

குண்டை விட்டு, கடிகாரத்தை அமத்தி, "ஒன்று" என்றேன்.

"நிற்பாட்டும். குண்டு இன்னும் ஒருக்காக்கூட ஆடி முடியேல்லை. அதுக்குள்ளை எப்படி ஒன்று?"

பூச்சியத்தில் தொடங்காததால், நான் இருபது என்று நினைத்தது பத்தொன்பது அலைவுதான். அலைவுகாலம், அதாவது ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரம், நூற்றுக்கு ஐந்து குறைந்துவிட்டது. சூத்திரத்தில் அது வகுக்கும் இடத்தில் வர்க்கமாக வருவதால் விடை பத்து வீதத்துக்கு மேல் ஏறிவிட்டது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் விடவில்லை. நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையச் சொன்னார். நேர்கோடு வந்தது, ஆனால் உற்பத்தியினூடாக, அதாவது இரண்டு அச்சும் சந்திக்கும் பூச்சியப் புள்ளியினூடாக, போகவில்லை. நீள அச்சை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடப்பக்கம் தள்ளி வெட்டியது. மறுபடியும் பிழை என்று முகம் வாடியது. குண்டின் ஆரை எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். அதே ஒரு சென்ரிமீற்றர்! நான் முடிச்சு வரைதான் அளந்திருக்கிறேன், குண்டின் மையம் வரை அல்ல. கோட்டின் படித்திறனை, அதாவது சரிவை, அந்தத் தவறு தொடவேயில்லை; விடை வருவது அந்தச் சரிவிலிருந்துதான்.

அந்தக் கொப்பிக்குப் பத்துக்கு ஏழு. 9.81 என்று 'செய்த' பக்கத்து மேசைக்காரனுக்கு ஒன்பது. சேரில் குற்றமில்லை; புள்ளித்திட்டம் அவர் கையில் இல்லை.

அப்புறம் பல்கலைக்கழகம். உபகரணங்கள் நல்லவை, ஆனால் தாளில் அச்சடித்த படிமுறைகள், முன்கூட்டியே தெரிந்த விடைகள். சமையல் குறிப்புப் போலத்தான். 2001 இல் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் பின்னர் கற்பித்தல் ஆராய்ச்சியில் இறங்கியவர். இப்படிப்பட்ட ஆய்வுகூட வகுப்புகளை அவரும் நட்டாஷா ஹோம்ஸும் ஆராய்ந்தார்கள். விரிவுரைப் பாடத்தை விளங்கிக்கொள்ள அவை அளவிடத்தக்க உதவி எதுவும் செய்யவில்லை என்பதே அவர்கள் கண்டது. எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

இப்போது முதலாம் வருட ஆய்வுகூடம் ஒன்றை நானே நடத்துகிறேன், புள்ளித்திட்டமும் என் கையில். விடைக்கு ஒரு புள்ளி. எப்படி அளந்தார்கள், எங்கே தவறியிருக்கலாம், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு மிச்சம் ஒன்பது. முதல் தவணையில் பிள்ளைகள் கொதித்துப் போனார்கள், சரியான விடைக்கு ஒன்றுதானா என்று. அவர்கள் கோபம் நியாயம்தான். பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குச் சொல்லிவைத்தது வேறு.